வேலையில் அடிபட்டால் எந்தக் கதவைத் தட்டுவது? தமிழ்நாட்டுத் தொழிலாளர்களுக்கான முழுமையான சட்ட வழிகாட்டி

பவர் பிரஸ்ஸில் பாதுகாப்புத் தடுப்பு இல்லை. கழன்று போய் மாதக்கணக்கில் ஆகிறது, மேனேஜருக்கும் தெரியும். ஒருநாள் கை உள்ளே போய்விடுகிறது. ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிற எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "முழுக்க முதலாளியோட அலட்சியம், கேஸ் போடு."

அலட்சியம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இழப்பீடு கேட்கும்போது சட்டம் முதலில் கேட்கும் கேள்வி "யார் தப்பு?" என்பதல்ல, "சம்பளத்தில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா?" என்பதுதான். இந்தக் கேள்விக்கு வரும் பதிலைப் பொறுத்தே மற்ற எல்லா வழிகளும் திறக்கும் அல்லது மூடும். அலட்சியத்தை நிரூபிக்கப் போய் சிவில் கோர்ட்டில் சிக்கி, எளிதாகக் கிடைத்திருக்க வேண்டிய பணத்தையும் காலம் கடந்து இழப்பது அடிக்கடி நடக்கிற விபரீதம்.

முதல் இரண்டு நாள்: காகிதத்தில் என்ன எழுதப்படுகிறது

பின்னால் எந்த வழக்குப் போட்டாலும் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் புரட்டுவது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டை. ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அதுதான். காயம் எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு ஏற்பட்டது, யார் அழைத்து வந்தார் என்று டியூட்டி டாக்டர் அதில் எழுதுவார்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அடிபட்டவரைக் கூட்டி வருவது பெரும்பாலும் சூப்பர்வைசரோ மேஸ்திரியோதான். "வீட்ல வழுக்கி விழுந்துட்டாரு", "பைக்ல இருந்து விழுந்துட்டாரு" என்று அவர் சொன்னால் டாக்டர் அதையே எழுதுவார். வலியில் கிடப்பவர் எதையும் கவனிக்கும் நிலையில் இருக்க மாட்டார். இரண்டு வருடம் கழித்து, அந்த ஒரு வரிதான் வழக்கைத் தோற்கடிக்கும். எனவே நினைவு இருந்தால் டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள்: எந்தக் கம்பெனி, எந்த இயந்திரம், எத்தனை மணி. நினைவில்லாத நிலை என்றால் வீட்டிலிருந்து யாராவது ஒருவர் முதல் நாளே போய், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பார்க்க வேண்டும். தவறாக எழுதியிருந்தால் டிஸ்சார்ஜ் ஆகும்வரை காத்திருக்காமல், உண்மையை எழுத்தில் கொடுத்து, அந்தக் கடிதத்தின் நகலில் ஆஸ்பத்திரி முத்திரை வாங்கி வையுங்கள்.

அடுத்தது போலீஸ். வேலையிட விபத்தில் ஏற்பட்ட கடுமையான காயத்துக்கு எஃப்.ஐ.ஆர். போட முடியும். ஸ்டேஷனில் முதலில் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அதை வாங்கிக்கொள்ளுங்கள், தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. எஃப்.ஐ.ஆர். பதியவில்லை என்றால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபால், அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு.

இதே இரண்டு நாளில் சேர்க்க வேண்டிய மற்றவை: இயந்திரத்தின் படம் (மறுநாளே தடுப்பு மாட்டிவிடுவார்கள், ஆகவே அன்றே), உடன் வேலை செய்தவர்களின் பெயரும் போன் நம்பரும், ரத்தக்கறை படிந்த கையுறையோ சட்டையோ இருந்தால் அதுவும். முதலாளிக்கு விபத்து குறித்து எழுத்தில் ஓர் அறிவிப்பு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால்கூடப் பரவாயில்லை, ஆனால் பதிவுத் தபாலிலும் ஒன்று போகட்டும். கம்பெனியில் விபத்துப் புத்தகம் இருந்தால் அதில் பதிந்திருக்கிறதா என்று கேளுங்கள். இஎஸ்ஐ விதிகளில் அதுதான் படிவம் 11.

இரண்டாவது: நீங்கள் எந்தப் பக்கம்?

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 2020 நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும் 1948-ஆம் ஆண்டின் இஎஸ்ஐ சட்டமும் அதற்குள் போய்விட்டன. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்து என்றால் பழைய சட்டம்தான் பேசும். பெயரும் பிரிவு எண்களும் மாறினாலும் அடிப்படைப் பிரிவினை அப்படியே இருக்கிறது: ஒரு பக்கம் இஎஸ்ஐ, இன்னொரு பக்கம் முதலாளி நேரடியாகத் தரவேண்டிய இழப்பீடு.

பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் இஎஸ்ஐ பக்கம். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000. இதில் இரண்டு நுணுக்கம். வரம்பைக் கணக்கிடும்போது ஓவர்டைம் சேராது. அதோடு, ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று ஓடும் பங்களிப்புக் காலத்தின் நடுவில் சம்பளம் 21,000-ஐத் தாண்டினாலும் அந்தக் காலம் முடியும்வரை நீங்கள் இஎஸ்ஐக்குள்தான்.

"என்னைச் சேர்க்கவே இல்லையே" என்பவர்கள் கவனிக்க வேண்டியது: வேலைக்காயப் பலனுக்கு இத்தனை நாள் பணம் கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உரிமை உண்டு. முதலாளி பதிவு செய்யாமல் ஏமாற்றியிருந்தால், இஎஸ்ஐ கழகம் தொழிலாளிக்குக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வசூலித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. விபத்து நடந்த மறுநாள் அவசரமாக ஐ.பி. நம்பர் (இஎஸ்ஐ காப்பீட்டு எண்) எடுக்கிற கம்பெனிகள் உண்டு. அப்படி எடுத்திருந்தால், சேர்ந்த தேதி என்று என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். விபத்துக்குப் பிந்தைய தேதியாக இருந்தால் உடனே இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாக ஆட்சேபியுங்கள்.

இஎஸ்ஐ பக்கம் இருந்தால்

கசப்பான விஷயத்தை முதலில் சொல்லிவிடலாம். இஎஸ்ஐ காப்பீடு உள்ள தொழிலாளி, முதலாளியின் அலட்சியம் எவ்வளவு அப்பட்டமாக இருந்தாலும், அவர்மீது தனியாக நஷ்டஈட்டு வழக்குப் போட முடியாது. 1948 இஎஸ்ஐ சட்டத்தின் 53-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. சிவில் வழக்கும் அந்தத் தடைக்குள் வரும் என்று 1997-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலாளி கட்டும் பங்களிப்புக்கு ஈடாகச் சட்டம் அவருக்குக் கொடுத்த கவசம் இது. நியாயமா என்று விவாதிக்கலாம். ஆனால் இதைச் சொல்லாமல் ஃபீஸ் வாங்கிக்கொண்டு கேஸ் போடுகிறவர்களிடம் மட்டும் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இதற்கு மாற்றாகக் கிடைப்பது குறைந்ததல்ல. செலவு வரம்பில்லாத சிகிச்சை. வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரி தினசரிச் சம்பளத்தில் 90 சதவீதம், குணமாகும்வரை (இதுதான் தற்காலிக ஊனப் பலன்). விபத்து நாளை விட்டுவிட்டுக் குறைந்தது மூன்று நாளாவது வேலைக்குப் போக முடியாத நிலை இருக்க வேண்டும். ஊனம் நிரந்தரமானால் மருத்துவ வாரியம் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போனது என்று மதிப்பிடும். அந்த விகிதத்தில் ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். இறந்துவிட்டால் சார்ந்தோர் பலன்: மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்குத் தலைக்கு ஐந்தில் இரண்டு பங்கு, மொத்தம் மீறினால் விகிதப்படி குறைப்பார்கள்.

எங்கே சறுக்குகிறது? மூன்று இடத்தில். முதலாளி படிவம் 12-இல் விபத்து அறிக்கையை அனுப்பாமல் இழுத்தடிப்பார். அப்போது உங்கள் மருத்துவச் சான்றுகளோடு கிளை மேலாளருக்கு நீங்களே எழுதுங்கள், விசாரிக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. இரண்டாவது, டாக்டர் வேலைக்காயம் என்று எழுதாமல் சாதாரண நோய் விடுப்பாக எழுதிவிடுவார். பலன் 90-க்குப் பதில் 70 சதவீதமாகக் குறைவதோடு நிரந்தர ஊனப் பலனுக்கான அடித்தளமே போய்விடும். மூன்றாவது, வாரியம் போடும் சதவீதம் குறைவாக இருக்கும். முடிவு கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போகலாம். போகிறவர்கள் மிகக் குறைவு.

தற்காலிக ஊனப் பலன் வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக்கூடாது என்பதும் இஎஸ்ஐ சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சமயத்தில் வரும் "நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துடுங்க" என்ற அன்பான யோசனைக்கு மயங்காதீர்கள்.

இஎஸ்ஐ இல்லையென்றால்: இழப்பீட்டு மனு

கட்டட வேலை, சின்னப் பட்டறை, லாரி, மில்லில் கான்ட்ராக்ட் ஆள் என்று இஎஸ்ஐக்கு வெளியே நிற்பவர்களுக்கு இதுதான் பிரதான வழி. தொழிலாளர் துணை ஆணையர் அல்லது இணை ஆணையர் அலுவலகத்தில் மனு. பழைய சட்டப்படி படிவம் எஃப்.

இங்கே அலட்சியத்தை நிரூபிக்கத் தேவையே இல்லை. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக அடிபட்டது என்பது போதும். தொழிலாளியே கவனமில்லாமல் இருந்தார் என்பதும் முதலாளிக்குத் தற்காப்பாகாது. குடிபோதை, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது, இந்த மூன்றைத்தான் அவர் சொல்ல முடியும். மரணமோ முழு நிரந்தர ஊனமோ ஏற்பட்டுவிட்டால் அதுவும் எடுபடாது. வேலைக்குப் போகும் வழியில் நடந்த விபத்தும், வேலையோடு நேரத்தாலும் இடத்தாலும் தொடர்பு இருந்தால், இதற்குள் வரும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது.

எனவே வழக்கு நிற்பதும் விழுவதும் வேறொரு கேள்வியில்: நீங்கள் அவருடைய ஆள்தானா? "இவரை நான் பார்த்ததே இல்லை" என்பதுதான் எதிர்மனுவில் வரும் முதல் வரி. அதற்கான விடையைச் சேர்த்து வையுங்கள். ஜிபேயில் வந்த சம்பளம், மேஸ்திரி அனுப்பிய "நாளைக்கு ஆறு மணிக்கு வந்துடு" குரல்பதிவு, கேட் பாஸ், சைட்டில் எடுத்த படம், தங்கிய ஷெட்டின் முகவரி, உடன் வேலை செய்த ஒருவரின் சாட்சி. கான்ட்ராக்டர் ஓடிவிட்டாலும் கவலையில்லை. வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனத்தையே எதிர்மனுதாரராகச் சேர்க்கலாம். அவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு, கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

கணக்கு எப்படி வருகிறது?

மரணம் என்றால் மாதச் சம்பளத்தில் பாதி × வயதுக்கான காரணி (வயதுக்கேற்பச் சட்டம் வகுத்திருக்கும் பெருக்கும் எண்). குறைந்தது 1,20,000 ரூபாய். முழு நிரந்தர ஊனம் என்றால் 60 சதவீதம் × காரணி; குறைந்தது 1,40,000. பகுதி ஊனத்துக்கு, முழு ஊனத் தொகையில் சம்பாதிக்கும் திறன் இழந்த சதவீதம். எவ்வளவு சம்பாதித்தாலும் கணக்குக்கு 15,000 ரூபாய்தான் உச்சம். 2020 ஜனவரி 3 அறிவிக்கை அது. காரணி 20 வயதுக்கு 224.00, 30-க்கு 207.98, 40-க்கு 184.17, 50-க்கு 153.09 என்று இறங்கிக்கொண்டே போகும்.

35 வயது பிரஸ் ஆபரேட்டர், சம்பளம் 22,000, ஒரு கை மணிக்கட்டோடு போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். 15,000-இல் 60 சதவீதம் 9,000. காரணி 197.06. பெருக்கினால் 17,73,540, இது முழு ஊனத்துக்கு. சட்டத்திலுள்ள காய அட்டவணைப்படி இந்த இழப்புக்கு 60 சதவீதம், ஆக 10,64,124 ரூபாய்.

இங்கேதான் நல்ல வக்கீலுக்கும் சாதாரண வக்கீலுக்கும் வித்தியாசம் தெரியும். 1976-இல் பதிவான ஒரு தச்சர் வழக்கில், இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தவர் இனித் தச்சு வேலையே செய்ய முடியாது என்பதால் அதை முழு ஊனமாகவே கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்த வாதத்தை வைத்து வென்றால் மேற்படி ஆபரேட்டருக்கு 7,09,416 ரூபாய் கூடுதலாக வரும். ஆகவே மருத்துவச் சான்றில் "உடல் ஊனம் இத்தனை சதவீதம்" என்று மட்டும் வாங்கினால் போதாது. அவர் செய்துவந்த வேலையை இனிச் செய்ய முடியுமா என்பதும் இருக்க வேண்டும். அந்த டாக்டரைச் சாட்சியாகவும் விசாரிக்க வேண்டும். அட்டவணையில் இல்லாத காயங்களுக்கு (முதுகுத்தண்டு, தீக்காயம், கை மடங்காமை) இந்தச் சாட்சியம் இல்லாவிட்டால் சதவீதம் பாதியாகிவிடும்.

இழப்பீட்டோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை: உண்மையில் ஆன சிகிச்சைச் செலவு முழுவதும் (மருந்துக்கடை பில்லைக்கூட வீசாதீர்கள்), விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்பதால் 1923 சட்டப்படி ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, நியாயமான காரணமின்றி இழுத்தடித்ததற்கு 50 சதவீதம் வரை அபராதம். மேற்படிக் கணக்கில் ஒரு வருட வட்டி மட்டுமே 1,27,695 ரூபாய். முதலாளி இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் இழப்பீடும் வட்டியும் அந்தக் கம்பெனி தலையில். அபராதம் மட்டும் முதலாளியின் சொந்தப் பையிலிருந்து. மனுவில் கேட்காததைத் தானாக யாரும் போட்டுத் தர மாட்டார்கள்.

காலக்கெடு விபத்து நடந்ததிலிருந்து இரண்டு வருடம். தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்றில்லை. சூரத்தில் கிரேனில் அடிபட்ட சேலத்துக்காரர் சேலத்திலேயே போடலாம். திருப்பூரில் கை இழந்த பீகார்க்காரர் தன் சொந்த மாவட்டத்தில் போடலாம்.

"பேசி முடிச்சுக்கலாம்" என்று வரும்போது

பஞ்சாயத்து பேசி, இரண்டு லட்சத்தைக் கையில் கொடுத்து, இருபது ரூபாய் பத்திரத்தில் "இனி எந்த உரிமையும் கோர மாட்டேன்" என்று எழுதி வாங்குவது வழக்கம். அந்தக் கையெழுத்தால் உரிமை போய்விடாது. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. மரண வழக்கில் பணத்தை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்திடம் நேரடியாகக் கொடுத்தது, மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் தவிர, கணக்கில் வராது. சமரசம் செய்வதானால் அதை எழுதி ஆணையரிடம் பதிவு செய்யுங்கள். தொகை அநியாயமாகக் குறைவு என்றால் அவர் பதிய மறுக்கலாம். வெற்றுத்தாளில் கையெழுத்து மட்டும் எந்தச் சூழ்நிலையிலும் போடாதீர்கள்.

அலட்சியம் எங்கே செல்லுபடியாகும்

இவ்வளவு சொன்னபின், அலட்சியத்தை வைத்து என்னதான் செய்யலாம்?

கிரிமினல் வழக்கு ஒன்று. அலட்சியத்தால் மரணம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1), ஐந்து ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் என்றால் 125(பி), மூன்று ஆண்டு வரை. இயந்திரத்தைக் கவனமின்றிக் கையாண்டதற்கு 289. இது இஎஸ்ஐ தொழிலாளிக்கும் உண்டு. 53-ஆம் பிரிவு நஷ்டஈட்டைத்தான் தடுக்கிறது, தண்டனையை அல்ல.

தொழிற்சாலை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுத்துப் புகார் கொடுங்கள். ஆய்வாளர் வந்து பார்த்து அறிக்கை எழுதுவார். அந்த அறிக்கையை 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். வேறெந்தச் சாட்சியையும்விட அது கனமானது. புதிய பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் பெரிய மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. கடமை தவறியதால் மரணம் நேர்ந்தால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது குறைந்தது 5 லட்சம் அபராதம் அல்லது இரண்டும். கடுங்காயத்துக்கு ஓராண்டு வரை சிறை அல்லது 2 முதல் 4 லட்சம் அபராதம் அல்லது இரண்டும். அந்த அபராதத்தில் பாதிக்குக் குறையாமல் பாதிக்கப்பட்டவருக்கோ வாரிசுக்கோ கொடுக்கும்படி கோர்ட் உத்தரவிடலாம். வழக்கு நடக்கும்போது அதைக் கேட்டு மனுப் போட வேண்டும்.

சிவில் வழக்கு இஎஸ்ஐ இல்லாதவர்களுக்குத் திறந்திருக்கிறது, ஆனால் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்: ஆணையரிடம் மனுப் போட்டுவிட்டு அதே காயத்துக்கு முதலாளிமீது சிவில் வழக்கும் போட முடியாது. சம்பளம் அதிகம் (15,000 உச்சவரம்பு உங்களைக் கடிக்கிறது), அலட்சியத்துக்குத் திடமான ஆதாரம் இருக்கிறது, பல வருடம் காத்திருக்கத் தெம்பு இருக்கிறது என்றால் மட்டுமே இது. கோர்ட் கட்டணம் கட்ட முடியாதவர்கள் வறியவராக வழக்காட அனுமதி கேட்கலாம். மரணத்துக்கு இரண்டு வருடம், காயத்துக்கு மூன்று வருடம் கெடு.

பலரும் தவறவிடுவது மூன்றாம் தரப்பை. இஎஸ்ஐ தடை முதலாளிக்குத்தான். வெளியிலிருந்து வந்த கிரேன் கம்பெனி, பக்கத்து சைட்டுக்காரர், தாழ்வாகத் தொங்கிய கம்பிக்குப் பொறுப்பான மின்வாரியம் ஆகியோர்மீது அலட்சிய வழக்குப் போடத் தடையில்லை. வண்டி விபத்தில் அடிபட்ட டிரைவர், கிளீனர்கள் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயமா, தொழிலாளர் ஆணையரா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிர்வண்டிமீது தப்பு என்றால் தீர்ப்பாயம். அங்கே 15,000 உச்சவரம்பு கிடையாது. ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவது பத்திரம். தன் வண்டியே கவிழ்ந்தது, தன்மீதே தப்பு என்றால் ஆணையரிடம் போவதே புத்திசாலித்தனம்.

சாக்கடை, செப்டிக் டேங்க் வேலை தனி ரகம். 2023 அக்டோபர் 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மரணத்துக்கு 30 லட்சம், நிரந்தர ஊனத்துக்குக் குறைந்தது 20 லட்சம், மற்ற ஊனத்துக்குக் குறைந்தது 10 லட்சம் என்று விதித்திருக்கிறது.

வக்கீலும் செலவும்

தொழிற்சாலைத் தொழிலாளர், பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், அல்லது 15100-ஐ அழையுங்கள். கிடைப்பதில் கால்வாசி, பாதி என்று சதவீதம் பேசும் வக்கீலுக்குச் சம்மதிக்காதீர்கள். அப்படிப் பங்கு பேசுவது வக்கீல் தொழில் விதிகளிலேயே தடைசெய்யப்பட்டது.

இடையில் பி.எஃப். பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். வேலையில் இருக்கும்போது இறந்தவர் பி.எஃப். உறுப்பினர் என்றால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை காப்பீட்டுத் தொகை உண்டு. முழு நிரந்தர ஊனமானவருக்கு ஒரே ஒரு மாதம் பணம் கட்டியிருந்தாலும் ஓய்வூதியம் உண்டு. விபத்து இழப்பீட்டோடு இதற்குச் சம்பந்தம் இல்லை; இரண்டும் தனித்தனி.

உத்தரவு வந்த பிறகு

முதலாளி மேல்முறையீடு போவதென்றால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும்; உத்தரவான தொகையை முழுமையாக ஆணையரிடம் கட்டிய சான்று இல்லாமல் அந்த மனுவே ஏற்கப்படாது. மேல்முறையீடும் இல்லை, பணமும் வரவில்லை என்றால் நிலவரி பாக்கியைப் போல வசூலிக்கச் சொல்லி ஆணையரிடம் மனுக் கொடுங்கள். அவர் கலெக்டருக்கு அனுப்புவார். அந்த மனுவில் முதலாளியின் பட்டறை முகவரி, நிலத்தின் சர்வே எண், வண்டி நம்பர், ஜி.எஸ்.டி. எண், வங்கிக் கிளை என்று தெரிந்த அத்தனையையும் எழுதுங்கள். எதை ஜப்தி செய்வது என்று தெரியாத கோப்பு தாசில்தார் மேஜையில் அப்படியே கிடக்கும்.